புதுக்கோட்டை மாவட்டத்தில் சாலையும் பொதுப்போக்குவரத்தும்: திட்டமிடலின் அரசியல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தச் சாலையை அகலப்படுத்துவது, எந்த ஊருக்குப் பேருந்து விடுவது, ரயில் பாதை எவ்வழியே செல்வது ஆகிய முடிவுகளைச் சமஸ்தானமும் ஜில்லா போர்டும் மாநில, ஒன்றிய அரசுகளும் வெவ்வேறு காலங்களில் எடுத்துள்ளன. அந்த முடிவுகளில் உள்ளூர் மக்களுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நகரம் தன் பழைய எல்லையைத் தாண்டி வளர்ந்துவரும் இக்காலத்தில் இக்கேள்வி முன்னைவிட முக்கியமாகியிருக்கிறது.

மாவட்டத்தின் பரப்பு 4,663 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 16,18,345 பேர் வாழ்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கிராமத்தவர். அதே கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகரின் மக்கள்தொகை 1,17,630. இங்கே புறநகர் வளர்ச்சி இரண்டு முனைகளில் நடக்கிறது. ஒன்று, புதுக்கோட்டை நகரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் பெருகிவரும் மனைப்பிரிவுகள். மற்றொன்று, மாவட்டத்தின் வட எல்லையில் மாத்தூர், கீரனூர், விராலிமலைப் பகுதிகளில் திருச்சிராப்பள்ளியின் நிழலில் வளரும் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும்.

சமஸ்தானக் காலம்

புதுக்கோட்டை நகரின் உட்பகுதி திட்டமிட்டுக் கட்டப்பட்டது. சமஸ்தான மன்னர் விஜயரகுநாதராய தொண்டைமான் (ஆட்சி 1807–1825) காலத்தில், அரண்மனையை நடுவில் வைத்து, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் அகன்ற வீதிகளாக நகரம் மாற்றியமைக்கப்பட்டது. நான்கு ராஜ வீதிகளும் அவற்றுக்கு இணையாகச் செல்லும் இரண்டாம், மூன்றாம், நான்காம் வீதிகளும் இன்றும் அந்த வடிவத்தைக் காட்டுகின்றன. பின்னர் 1878 முதல் 1894 வரை திவானாகவும் பிறகு ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்த அ. சேஷையா சாஸ்திரி குளங்கள், சாலைகள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றைச் சீரமைத்தார். நகராட்சி 1912இல் அமைந்தது. தெருவையும் நீரையும் சேர்த்தே யோசித்த அந்தத் திட்டம் மன்னராட்சியின் ஆணையால் உருவானது. குடிகளைக் கேட்டுச் செய்யப்பட்டதல்ல. ஆயினும் யார் பொறுப்பு என்ற குழப்பம் அதில் இல்லை.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்த பகுதிகளைக் கொண்டு 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் சாலைக்கும் பேருந்துக்குமான முடிவுகள் திருச்சியிலும் தஞ்சையிலும் எடுக்கப்பட்டன. இரண்டு பெரிய ஊர்களுக்குப் போய்வரும் வழியாகவே இம்மாவட்டத்தைப் பார்க்கும் பழக்கம் அப்போது வேரூன்றியது.

ரயில்: இரு பாதைகள், இரு கோட்டங்கள்

மாவட்டத்தின் முதல் ரயில் பாதை அறந்தாங்கிக்கு வந்தது. அறந்தாங்கி அன்று தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. நிலவரியோடு தனித் தீர்வை வசூலித்து ரயில் பாதை போட்ட தஞ்சாவூர் ஜில்லா போர்டு, முத்துப்பேட்டை வரை வந்திருந்த பாதையைப் பட்டுக்கோட்டைக்கும், 1903இல் அறந்தாங்கிக்கும் நீட்டித்தது. உள்ளூர் மன்றம் ஒன்று மக்களிடம் வரி திரட்டித் தன் பகுதிக்கு ரயிலைக் கொண்டுவந்த அரிய நிகழ்வு இது. அப்பாதை 1952இல் காரைக்குடி வரை சென்றது. புதுக்கோட்டை நகருக்கோ 1929இல்தான் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. அடுத்த ஆண்டு அது மானாமதுரைக்கு நீண்டது.

இன்று புதுக்கோட்டை நிலையம் மதுரை ரயில்வே கோட்டத்திலும் அறந்தாங்கி நிலையம் திருச்சிக் கோட்டத்திலும் உள்ளன. காரைக்குடி–திருவாரூர் மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2012இல் மூடப்பட்டது. பட்டுக்கோட்டை வரை 2018இலும் திருவாரூர் வரை 2019இலும் பணி முடிந்தது. தண்டவாளம் வந்த பின்னும் கடவுப்பாதைகளுக்கு நிரந்தரக் காவலர்கள் போதவில்லை. ரயிலிலேயே பயணம் செய்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, அதை மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு மீண்டும் ஏறினர். பயணம் பல மணி நேரம் நீண்டது. கோடிக்கணக்கில் செலவிட்டுப் பாதை போடப்பட்டாலும், அதை இயக்கும் ஆள்பலத்துக்கு ஒதுக்கீடு இல்லாவிட்டால் பயணிக்குப் பயனில்லை என்பதற்கு அப்பாதை சான்று. நகரத்துக்குள் திருவப்பூர், கருவேப்பிலான் கேட் ஆகிய இடங்களில் மேம்பாலம் வேண்டும் என்பதும், தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியே புதுக்கோட்டைக்கு ரயில் வேண்டும் என்பதும் தேர்தல்தோறும் எழுந்த கோரிக்கைகள்.

பேருந்து: தடத்தை முடிவு செய்பவர் யார்?

1910களின் தொடக்கத்திலேயே டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மோட்டார் பேருந்து தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடியது. தமிழ்நாட்டில் பேருந்துகள் 1972 முதல் அரசுக் கழகங்களின் கைக்கு வந்தன. தலைவர்களின் பெயர்களைத் தாங்கியிருந்த அக்கழகங்கள், பெயர் சூட்டலை ஒட்டித் தென்மாவட்டங்களில் வெடித்த சாதி மோதல்களுக்குப் பின் 1997இல் பொதுப்பெயருக்கு மாறின. இன்று புதுக்கோட்டை, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில் ஒரு மண்டலம். தனியார் பேருந்துகளும் மினி பஸ்களும் உடன் ஓடுகின்றன.

ஒரு கிராமத்துக்குப் பேருந்து வருவதற்குப் பல வாசல்கள் ஏற வேண்டும். தனியார் தடங்களுக்கும் மினி பஸ்ஸுக்கும் அனுமதி வழங்குவது மாவட்ட ஆட்சியரைத் தலைமையாகக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து அதிகாரம். அரசுப் பேருந்தின் நடைகளைக் கூட்டுவதும் குறைப்பதும் கழகத்தின் முடிவு. பேருந்து செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருக்கலாம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையாகவோ ஊராட்சி ஒன்றியச் சாலையாகவோ இருக்கலாம். சாலையோர நிலத்தில் வீடு வருமா, கடை வருமா என்பதை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேறொரு துறை தீர்மானிக்கிறது. அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் பேருந்து நிறுத்தத்தைச் சேர்த்திருக்கிறது. பேருந்து அந்தப் பட்டியலில் இல்லை. நிழற்குடை கட்டித் தருவது உள்ளாட்சியின் பொறுப்பு. அங்கே வண்டி நிற்குமா என்பதைச் சொல்ல அதற்கு அதிகாரமில்லை. சென்னைக்கு இத்துறைகளை ஒருங்கிணைக்க ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. புதுக்கோட்டை போன்ற நகரங்களுக்கு அத்தகைய அமைப்பு இல்லை.

புறநகர் விரிவு

புதுக்கோட்டை 2024 ஆகஸ்டில், சுற்றியுள்ள ஊராட்சிகள் சிலவற்றையும் சேர்த்து, மாநகராட்சியாகத் தரமுயர்ந்தது. நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவையும் அப்போதே மாநகராட்சிகளாயின. இத்தகைய இணைப்பு அறிவிக்கப்படும்போதெல்லாம் கிராம மக்கள் எழுப்பும் அச்சம் இரண்டு: வீட்டு வரி உயரும், ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கிடைக்கும் வேலை போய்விடும். அந்த அச்சத்துக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய முதல் நன்மை நல்ல சாலையும் நேரம் தவறாத டவுன் பஸ்ஸும்தான்.

நகரத்தின் விளிம்பில் தெருக்களை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் மனை விற்பவர்களே. அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவானால் திறந்தவெளிக்கும் 10 சதவீத நிலம் ஒதுக்க வேண்டும். இந்த விதிகளுக்கு வெளியே விற்கப்பட்ட மனைகள் பெருகியதால், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது; 2017இல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை மனைக்குச் சட்டத் தகுதி தந்தது. குறுகிய தெருவை அது அகலமாக்கவில்லை. ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் தெருக்களைத் தனியே போட்டுக்கொள்ள, பக்கத்து மனைப்பிரிவோடு இணையும் பாதை யாருடைய வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை. பேருந்து திரும்ப இடமில்லாத தெருவில் குடியேறியவர் முதலில் வாங்குவது இருசக்கர வாகனம்.

பொது நிறுவனங்களின் இடமாற்றமும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2017இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நகருக்கு வெளியே முள்ளூரில் அமைந்தது. விசாலமான நிலம் வேண்டும் என்பது நியாயமான காரணம். ஆனால் புறநோயாளியாக வரும் முதியவரும் இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியரும் எந்த வண்டியில் வருவார்கள் என்பதை, இடம் தேர்வாகும் அன்றே முடிவு செய்திருக்க வேண்டும்.

வட எல்லையில் சிக்கல் வேறு வகையானது. துவாக்குடியிலிருந்து மாத்தூர், பஞ்சப்பூர் வழியாக ஜீயபுரம் செல்லும் திருச்சி அரைவட்டச் சாலை பாசன ஏரிகளின் ஊடே திட்டமிடப்பட்டதால் விவசாயிகள் எதிர்த்தனர். பணி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. கண்மாய்களை நம்பி வாழும் இப்பகுதியில் சாலைக் கரை என்பது நீரோட்டத்தையும் மாற்றிவிடும். பஞ்சப்பூரில் திருச்சியின் புதிய பேருந்து முனையம் 2025இல் திறக்கப்பட்டது. அது மதுரைச் சாலையில் உள்ளதால் விராலிமலையிலிருந்து வருவோருக்கு நேர்வழி. கீரனூரிலிருந்து விமான நிலையம் வழியாக வருவோரின் சாலை நகரின் வேறு பக்கத்தில் நுழைகிறது. ஒரே முடிவு மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு அனுகூலமாகவும் இன்னொரு பகுதிக்கு அலைச்சலாகவும் அமைந்தது. முடிவெடுத்த மன்றத்தில் கீரனூர்க்காரருக்கு இடமில்லை.

நெடுஞ்சாலையும் சுங்கமும்

தஞ்சாவூர்–மானாமதுரை தேசிய நெடுஞ்சாலை 36, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலை 336, விராலிமலை வழியாகச் செல்லும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகியவை மாவட்டத்தின் முதன்மைத் தடங்கள். லெச்சுமணப்பட்டி, லெம்பலக்குடி, பூதக்குடி ஆகிய இடங்களில் சுங்கச்சாவடிகள் உள்ளன. தொலைதூர வண்டிக்கு வேகம் தரும் சாலை, அதைக் குறுக்கே கடந்து வயலுக்கும் பள்ளிக்கும் போகும் ஊருக்கு ஆபத்தாகிறது. இணைப்புச் சாலை, சுரங்கப்பாதை, நிறுத்தத்துக்கான ஒதுக்கிடம் ஆகியவற்றை முதலில் விட்டுவிட்டு, விபத்துகளுக்குப் பின் கோரிக்கை மனுவின் பேரில் சேர்ப்பது வழக்கமாகியிருக்கிறது.

நிலமெடுப்பும் சர்ச்சைக்குரியது. மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் ஒன்றிய நிலமெடுப்புச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து இதற்குத் தரப்பட்ட விலக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாதென்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அந்த விலக்குக்குப் புத்துயிர் தரும் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2021இல் அதை ஏற்றது. இதனால் சாலை எவ்வழி செல்லலாம் என்ற கட்டத்தில் பேச வேண்டிய நில உடைமையாளர், இழப்பீடு எவ்வளவு என்ற கட்டத்தில்தான் பேச நேர்கிறது.

பெண்களும் பயணமும்

இம்மாவட்டம் போக்குவரத்து வரலாற்றில் உலகக் கவனம் பெற்றது சைக்கிளால். 1991இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தறிவுடன் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. பல்லாயிரம் பெண்கள் கற்றனர். கல் குவாரித் தொழிலாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வேளாண் தொழிலாளர்களும் அவர்களில் அடக்கம். சைக்கிள் வாங்கக் கடன் உதவி செய்யப்பட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் பெண்களுக்கு மிஞ்சியது. தந்தையையோ கணவனையோ அண்ணனையோ எதிர்பாராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் சென்றுவர முடிந்தது. அரசு புதிதாகச் சாலை போடாமலே மக்களின் பயண எல்லை விரிந்தது. அதன் பின் அமைந்த சாலைகளில் சைக்கிளுக்கென ஒரு தனித்தடமும் ஒதுக்காதது பெரிய குறை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். விடியல் பயணம் என்று பின்னர் பெயர் பெற்ற இத்திட்டத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறுகிறது. தனியார் பேருந்து, மினி பஸ், புறநகர்ப் பேருந்து ஆகியவற்றுக்கு இச்சலுகை பொருந்தாது. ஆகவே ஒரு தடத்தில் டவுன் பஸ் ஓடுகிறதா, புறநகர்ப் பேருந்தான மப்சல் பஸ் ஓடுகிறதா என்ற நிர்வாக வகைப்பாடு அந்த ஊர்ப் பெண்களின் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது.

1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம், பேருந்து செல்லாத ஊர்களுக்கென வகுக்கப்பட்டது. பழைய விதியில் 20 கிலோமீட்டர்த் தடத்தில் 16 கிலோமீட்டர் பேருந்து வசதியற்ற பாதையாக இருக்க வேண்டும். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய திட்டத்தில் தட நீளம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் வசதியற்ற பாதையாக இருந்தால் போதும். வருவாயுள்ள சாலையில் கூடுதலாக ஓட இடம் கிடைத்தால்தான் இயக்குபவர் முன்வருவார் என்பது இதன் அடிப்படை. வருவாயற்ற கடைசி ஊருக்கு வண்டி நாள்தோறும் போகிறதா என்பதைக் கண்காணிப்பது ஆட்சியரின் கடமையாகிறது.

மக்கள் அழுத்தம்

முறையான திட்டம் இல்லாத இடத்தில் மனுவும் மறியலும் திட்டமிடலின் வேலையைச் செய்கின்றன. கிராம சபைத் தீர்மானம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனு, சட்டமன்ற உறுப்பினரிடம் கோரிக்கை, இறுதியில் பேருந்து மறியல் என்று இதன் படிகள் எல்லோரும் அறிந்தவை. இவ்வழியில் பல ஊர்கள் பேருந்தைப் பெற்றிருக்கின்றன. ஆனால் ஆள்பலமும் செல்வாக்கும் உள்ள ஊருக்கே இது கைகொடுக்கும். பிரதான சாலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட தலித் குடியிருப்புகளும் கடலோரச் சிற்றூர்களும் வரிசையில் பின்தங்குகின்றன. அரசியலமைப்பின் 243-இசட்டி பிரிவு கூறும் மாவட்டத் திட்டமிடல் குழு, ஊரகத்தையும் நகரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. போக்குவரத்தைப் பொறுத்தவரை அதற்கு உயிர் ஊட்டப்படவில்லை.

மதிப்பீடு

வாகனங்களைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. பிரேசிலின் குரிடிபா நகரம் 1974 முதல் பேருந்துத் தடத்தை முதலில் வகுத்து, அதை ஒட்டியே அடர்ந்த குடியிருப்புகளை அனுமதித்தது. புதுக்கோட்டையில் குடியிருப்பு முதலிலும் சாலை அடுத்தும் பேருந்து கடைசியிலும் வருகின்றன. இந்த வரிசையை மாற்றப் பெரும் பணம் தேவையில்லை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருமுன் பேருந்துத் தடத்தையும் பக்கத்து மனைப்பிரிவோடு இணையும் சாலையையும் வரைபடத்தில் குறிப்பது, ஒவ்வொரு தடத்தின் நடைகளையும் நேரத்தையும் பொதுவில் வெளியிடுவது, மாநகராட்சியும் ஊராட்சிகளும் போக்குவரத்துக் கழகமும் நெடுஞ்சாலைத் துறையும் ரயில்வேயும் ஆண்டுக்கொரு முறையாவது ஒரே அவையில் மக்களுக்குப் பதில் சொல்வது ஆகியவை போதிய தொடக்கம். மாநகராட்சி என்ற பெயர் வந்துவிட்டது; அதன் கடைசித் தெருவுக்குப் பேருந்து வருவதற்கான அதிகாரத்தையும் பொறுப்பையும் உள்ளூர் மன்றத்துக்கு அரசு வழங்க வேண்டும்.