சென்னையும் போசரியும்: ஒரு மருத்துவ வரலாறு

நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட் பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்குப் போசரி என்றாலே எம்.ஐ.டி.சி. பட்டறைகள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பட்டறைகளுக்கு நடுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1992-ல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பின்னாளில் அதன் பெயர் மாறியது, பணி தொடர்கிறது. இதன் முன்கதை நம்ம சென்னையில் தொடங்குகிறது.

1986-ஆம் ஆண்டு. "எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, நம்ம ஊருக்கு வராது" என்று பலரும் நம்பிய காலம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் தம் மாணவி டாக்டர் நிர்மலாவை இதை ஆராயச் சொன்னார். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதியானது அப்படித்தான். சுனிதி யார் தெரியுமோ? சென்னையில் தோல் வணிகம் செய்த கெய்தொண்டே என்ற மராட்டியக் குடும்பத்துப் பெண்! நாம் பிழைக்க இங்கே வந்தோம். இவர்கள் வீட்டார் அங்கே போனார்கள்.

எச்.ஐ.வி. நம் எதிர்ப்புச் சக்தியின் காவலர்களான சி.டி.4 வெள்ளணுக்களையே அழிக்கிறது. அதனால் தடுப்பூசி செய்வது கடினம். 2005-ல் போசரியிலும் 2006-ல் சென்னையிலும் தடுப்பூசிச் சோதனைகள் நடந்தன. ஆரோக்கியமான மனிதர்கள் தாமாக முன்வந்து கையை நீட்டினார்கள். ஆனாலும் பயன்படும் தடுப்பூசி இன்றுவரை கிடைக்கவில்லை.

வழி வேறு பக்கமிருந்து வந்தது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தால் மற்றவரை எப்படிக் காப்பது? ஒன்பது நாடுகளில் 1,763 இணைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. போசரி நிறுவனமும், சுனிதி சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் பங்கேற்றன. சி.டி.4 குறையும்வரை காத்திராமல் ஒரு பாதிப் பேருக்கு உடனே மருந்து தரப்பட்டது. 2011-ல் முடிவு வெளியானது. துணைவரிடமிருந்தே தொற்றியதாக உறுதியானவை 28. அதில் 27, மருந்துக்காகக் காத்திருந்த பிரிவில்! உடனே மருந்து உண்ட பிரிவில் ஒன்றே ஒன்று.

அதாவது, நோயாளிக்குத் தரும் மருந்தே துணைவருக்கும் கவசம். இந்தியாவில் 2004 முதல் இலவசமாக வழங்கப்பட்டுவந்த இம்மருந்து, 2017 முதல் நோய் உறுதியான உடனேயே அனைவருக்கும் தரப்படுகிறது.

சுனிதி அம்மையார் 2015-ல் காலமானார். அவர் பெயர் நிலைக்கும். ஆனால் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும் ஆய்வுக்கு வந்த அந்தத் தம்பதியர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றுதான்: இந்நோய் கண்டவரைப் பற்றி நம் வீடுகளில் கிசுகிசு பேசாதிருப்பது, சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் பரிசோதனைக்குப் போவது.