பொட்டு வெடியில் பிறந்த பிஸ்டல்

1/ மந்தாரக்குப்பத்துல என் கிளினிக்குக்குப் போன வாரம் ஒரு அப்பா வந்தார். மாத்திரை வாங்கிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "சார், பையனுக்கு 17 வயசு. துப்பாக்கி சுடும் போட்டின்னா உயிரு. நகையை அடகு வெச்சாவது ஒரு .22 பிஸ்டல் வாங்கித் தரலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது?"

பதில் சொல்ல கிட்டத்தட்ட 180 வருஷக் கதையைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. உங்களுக்கும் சொல்றேன்.

2/ தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வெச்சு விளையாடியிருப்பீங்க. சுத்தியல் தட்டும், மருந்து வெடிக்கும். 1845-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஃப்ளோபேர் அதே போன்ற ஒரு சின்ன வெடிமூடியின் வாயில் ஈயக் குண்டு ஒன்றைப் பொருத்தினார். தனியாக வெடிமருந்து கிடையாது. அந்த மூடியின் வெடிப்பே குண்டைத் தள்ளியது. எதுக்கு? வீட்டுக் கூடத்தில் இலக்கு வெச்சு சுட்டு விளையாட. ஆமாங்க, இதோட தொடக்கமே பொழுதுபோக்குதான்.

3/ 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இந்தத் தோட்டாவில் வெடிமருந்தும் சேர்த்து ரிவால்வர் விற்றது. வெடிகலவை தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கும். சுத்தியல் அந்த விளிம்பைத் தட்டும். விளிம்புன்னா ரிம். அதனால ரிம்ஃபயர். 1887-ல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவைத்தான் இன்னிக்கும் ஒலிம்பிக்கில் சுடுறாங்க. 2012 லண்டனில் நம்ம விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியும் இதில்தான்.

4/ விளிம்பு நசுங்கினால்தான் வெடிக்கும் என்பதால் தகடு மெல்லிசா இருக்கணும். மெல்லிய தகடு அதிக அழுத்தம் தாங்காது. அதனால மருந்தும் கொஞ்சம், பின்னுதைப்பும் கொஞ்சம். கை பயப்படாமல் பழகும்.

5/ இப்போ கைக்கு வருவோம். ஹங்கேரி ராணுவ வீரர் காரோலி டகாச். 1938-ல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து, சுடும் வலது கை சிதைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து யாருக்கும் சொல்லாம இடது கையில் பழகினார். 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி, ரெண்டு ஒலிம்பிக்கிலும் ரேபிட் ஃபயர் தங்கம். அவர் புதுசாத் தயார் பண்ணினது துப்பாக்கியை இல்லை, கையை.

6/ அதனால தேர்வுல முதல் கேள்வி பிராண்ட் இல்லை. வால்தரோ பர்டினியோ, பிடி உள்ளங்கையை நிறைக்குதா? ஆள்காட்டி விரலின் நுனிச் சதை நீட்டாமல், மடக்காமல் விசையில் உட்காருதா? 25 மீட்டர் போட்டி விதிப்படி எடை 1400 கிராமுக்கு மேல் போகக் கூடாது. விசை குறைஞ்சது 1000 கிராம் அழுத்தம் கேட்கணும். அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கத் தோள் பலம் வேணும். அது காசுக்குக் கிடைக்காது.

7/ அடுத்தது சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி .22-க்கு லைசென்ஸ் கட்டாயம். பயிற்சிக்கான விதிவிலக்கு தவிர, 21 வயசு ஆகணும். மருத்துவச் சான்றும் கேட்பாங்க. 20 ஜூலுக்கு மிகாத 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். 2024 பாரிஸில் மனு பாக்கர் வென்ற ரெண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில்தான்.

8/ டாக்டரா ரெண்டு வார்த்தை. .22-ன் சத்தம் சின்னதாத் தோணும். ஆனா பிஸ்டலில் 140 டெசிபலைத் தாண்டும். செத்துப்போன காது நரம்பு செல் திரும்ப முளைக்காது. காதுக் கவசம், கண் கண்ணாடி இல்லாம நிற்காதீங்க. குண்டும் புகையும் ஈயம். சுட்டு முடிச்சா சோப்பு போட்டுக் கை கழுவாம போண்டாவைத் தொடாதீங்க.

9/ அந்த அப்பாகிட்ட சொன்னது இதுதான்: "நகை பீரோவிலேயே இருக்கட்டும்ணா. முதல்ல ஒரு ரைஃபிள் கிளப்பில் சேருங்க. பயிற்சியாளர் முன்னாடி, கிளப் ஏர் பிஸ்டலில் ஒரு வருஷம் பழகட்டும். அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, எந்தத் துப்பாக்கி வேணும்னு அவன் கையே சொல்லும்."

துப்பாக்கி காத்திருக்கும். காது காத்திருக்காது.