வட்டம் ஒன்றே, வழி இரண்டு



பல்கலைக்கழகத்தில் வெக்டர் நுண்கணிதம் பயிலப் புகும் மாணவர் பலர் ஓரிடத்தில் இடறி விழுவது உண்டு. வழிமுறை முழுவதும் சரியாக இருக்கும். விடையின் எண்ணும் சரியாக இருக்கும். ஆனால், கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி நிற்கும். வட்டத்தை அறிந்த அவர்கள், அவ்வட்டத்தில் எந்தப் பக்கமாகச் செல்கிறோம் என்பதைக் கவனியாது விட்டதே காரணம். இந்தத் திசைக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியரின் கையில் இருந்தது.

வட்டமும் வழியும்

மையத்திலிருந்து ஓர் அலகு தொலைவிலுள்ள எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தது ஒரு வட்டம். இந்த வரையறை வட்டம் எங்கே இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதன்மேல் ஓர் எறும்பு ஊர்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு கணத்திலும் எறும்பு எங்கே இருக்கிறது எனச் சொல்ல, நேரத்தைப் போன்ற ஓர் அளவு வேண்டும். அதுவே துணையலகு. கிடைத்தொலைவுக்குக் கொசைனையும் உயரத்துக்குச் சைனையும் வைத்தால், எறும்பு வலக்கோடியில் தொடங்கி மேலேறி, கடிகார முள்ளுக்கு எதிராக, இடஞ்சுழியாகச் செல்லும். இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், உச்சியில் தொடங்கி வலஞ்சுழியாகச் செல்லும். சுற்றிவந்த வழியைக் கொண்டே உள்ளிருக்கும் பரப்பைக் கணக்கிட்டால், முதல் எறும்புக்குப் பை என்றும் இரண்டாம் எறும்புக்குக் கழித்தல் பை என்றும் விடை வரும். வட்டம் மாறவில்லை, வழிதான் மாறியது.

நாணிலிருந்து சைன்

சைன் என்னும் சொல்லே நம் துணைக்கண்டத்தில் பிறந்தது. கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில் அரைநாண்களின் அளவுகளை வரிசைப்படுத்தினார். வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்னும் வடசொல் அரபு மொழிக்குச் சென்று, உருத்திரிந்து, இலத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று. தமிழிலும் வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை நாண் என்றே வழங்குகிறோம். 1748இல் ஆய்லர் சைனையும் கொசைனையும் சார்புகளாக அமைத்தார். வட்டத்தை அசைவாகக் காணும் பார்வைக்கு அது வழி திறந்தது.

இந்த வரலாற்றில் பெற்றோர் அறிய வேண்டிய பெயர் ஜார்ஜ் கிரீன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் மாவு ஆலை நடத்தியவரின் மகன். சிறு வயதில் அவர் பள்ளி சென்றது ஏறத்தாழ ஓராண்டே. தந்தையின் காற்றாலையில் உழைத்துக்கொண்டே தாமாகக் கணிதம் பயின்று, 1828இல் தம் ஆய்வுரையை வெளியிட்டார். எல்லைக் கோட்டின் வழியே செய்யும் கணக்கையும் அதனுள் அடங்கிய பரப்பின்மேல் செய்யும் கணக்கையும் இணைக்கும் தேற்றம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதன் தள வடிவத்தை 1846இல் கோஷி அச்சிட்டார். அத்தேற்றத்தில் ஒரு நிபந்தனை உண்டு: நடப்பவரின் இடக்கைப் பக்கம் பரப்பு இருக்க வேண்டும். அதுவே நேர்த்திசை.

கோயிலில் வலம்

நம் கோயில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. கருவறையை வலக்கைப் பக்கம் வைத்தே வலம் வருகிறோம். மேலிருந்து பார்ப்பவருக்கு அது வலஞ்சுழி. கணித மரபில் அது எதிர்த்திசை. இரண்டும் மனிதர் வகுத்துக்கொண்ட மரபுகளே. இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால், எந்த மரபில் நிற்கிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

பால்மரத்தின் சுழி

மரபால் அன்றி இயற்கையாலேயே திசை முடிவாகும் இடமும் உண்டு. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தமிழர் விடியுமுன் பால்மரம் சீவினர். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையைப் பரப்பினார். பின்னர் நிலைபெற்ற அரைச்சுற்று வெட்டு, மரத்தை நோக்கி நிற்பவரின் இடப்பக்க மேட்டில் தொடங்கி வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். மேலிருந்து பார்த்தால் பால் இடஞ்சுழியாக வழிந்து மங்கில் சேரும்; கணிதத்தின் நேர்த்திசை அதுவே.

ஏன் இந்தப் பக்கம்? பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. கீழ் இடத்திலிருந்து மேல் வலமாகச் சில பாகை சாய்ந்து ஏறுகின்றன. வெட்டு அவற்றுக்குக் குறுக்கே இறங்கினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். குழாயின் சாய்வை 3.5 பாகை என்றும் வெட்டின் சரிவை 30 பாகை என்றும் கொண்டு கணக்கிட்டால், எதிர்ப்பக்கமாகச் சாயும் அதே நீள வெட்டைவிட நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு கூடுதல் குழாய்கள் அறுபடும். கொண்டுவந்த பாலின் எடைக்கேற்பக் கூலி பெற்றவருக்கு அந்த ஏழு பங்கு சிறிதன்று.

இன்று இவ்வட்டாரத்தில் செம்பனையே மிகுதி. அம்மாற்றத்தின் தொடக்கமும் இங்கேதான்: 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே, மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் அமைத்தார். ரப்பர் மரங்கள் குறையக் குறைய, பால்வெட்டு அறிந்த கைகளும் அருகி வருகின்றன.

வகுப்பறையில்

50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தை எண்ணிக்கொண்டு, பாதிச் சுற்றான 25 சென்டிமீட்டர் அகலத்தாளில் 30 பாகைச் சரிவில் ஒரு கோடு வரையச் சொல்லலாம். கோட்டின் இறக்கம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர், நீளம் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். அத்தாளை ஓர் உருளையில் சுற்றினால் அதுவே பால்வெட்டு. பிறகு மாணவரை வீட்டுக்கு அனுப்பி, பால்மரம் சீவிய பெரியவரிடம் இரண்டு வினாக்கள் கேட்டுவரச் செய்யலாம்: வெட்டு எந்தப் பக்கம் இறங்கும்? மாற்றி வெட்டினால் என்ன ஆகும்? அவர் காற்றில் கையை வீசிக் காட்டும் விடையை, நாளை அம்மாணவர் துணையலகால் எழுதட்டும். வட்டம் வரைந்தவுடன் அதன்மேல் ஓர் அம்புக்குறி இடும் பழக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.