74 பல்புகளும் இரண்டு கேலக்ஸிகளும்

இரண்டு கேலக்ஸி உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும்? இதை முதலில் சிமுலேஷன் செய்து பார்த்தவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பல்புதான் இருந்தது.

ஸ்வீடன் வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க், 1941இல் வந்த கட்டுரை. ஒரு கேலக்ஸிக்கு 37 வீதம் மொத்தம் 74 பல்புகள், இரண்டு தட்டையான வட்டங்களாக. ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். வெளிச்சமும் அப்படியேதான். ஆக, ஒரு பல்பு இருக்கும் இடத்தில் போட்டோசெல்லை வைத்து எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்தால், மற்றதெல்லாம் சேர்ந்து அதை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்படி நகர்த்த வேண்டியது, பிறகு அடுத்த பல்பு. 74ம் முடிந்தால் ஒரு டைம்ஸ்டெப்! கஷ்டமான கூட்டல் வேலையை வெளிச்சமே செய்துவிடுகிறது. கோடு எழுதிப் பிழைக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவர் தேடியது வேறு. அருகில் கடந்துபோகும் கேலக்ஸிகள், ஒன்றிடம் ஒன்று சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆற்றலை இழக்குமா? சாதகமான சூழ்நிலையில் இழக்கலாம் என்று விடை வந்தது. கூடவே கேட்காத ஒன்றும் கிடைத்தது: சுருள் கைகள். அவை எந்தப் பக்கம் வளையும் என்பது, கேலக்ஸி சுழலும் திசையும் அது கடந்துபோகும் திசையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பொறுத்திருந்தது.

இந்தத் திசை சமாச்சாரத்தை 1972இல் கம்ப்யூட்டரில் பிரித்து மேய்ந்தவர்கள் அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற அண்ணன் தம்பி. வட்டு சுழலும் திசையிலேயே விருந்தாளி கேலக்ஸி வந்தால், ஓரத்து நட்சத்திரங்கள் அதோடு நெடுநேரம் கூடவே ஓடுகின்றன; இழுபட்டு நீண்ட வால் ஆகின்றன. எதிர்த்திசையில் வந்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் பைக்கில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம், எதிரே வருபவருக்குக் கை காட்டத்தான் நேரம் இருக்கும், அந்த மாதிரி. ஆண்டெனே ஜோடியின் வால்களையும் எம்51இன் சுருளையும் இப்படி வரைந்து காட்டினார்கள்.

முழுசாக இணைந்துவிட்டால்? சம எடை என்றால் வட்டு பெரும்பாலும் சிதைந்து, ஒழுங்கான சுழற்சி போய், நீள்வட்ட கேலக்ஸி மிஞ்சும். வந்தது சின்னது என்றால் வட்டு பிழைக்கும், ஆனால் தடித்துப்போகும்.

நம்ம பால்வீதியிலும் இது நடந்திருக்கிறது. சுமார் 1000 கோடி வருஷம் முன் விழுங்கிய ஒரு கேலக்ஸியை, கையா விண்கலத்தின் தரவிலிருந்து 2018இல் அமினா ஹெல்மி குழு அடையாளம் காட்டியது. காட்டிக்கொடுத்ததில் ஒன்று, சுழற்சி: அதன் நட்சத்திரங்களில் பல இன்றைக்கும், நம் சூரியனுக்குப் பக்கத்திலேயே, வட்டு சுழலுவதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கின்றன.