பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் பணிநிலை (இந்தியா)

இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவு பெற்ற கல்லூரிகளிலும் கற்பிப்போரின் நியமனம், தகுதி, ஊதியம், வேலைநேரம், பதவி உயர்வு, ஓய்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கான விதிகளையும், விதியில் எழுதப்படாமல் வழக்கத்தால் நிலைத்த எதிர்பார்ப்புகளையும் இக்கட்டுரை கூறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 ஜூலை 18 அன்று வெளியிட்ட ஒழுங்குமுறை இத்துறையில் அடிப்படை ஆவணமாக வழங்குகிறது. ஆயினும் மாநில அரசாணைகள், பல்கலைக்கழகச் சட்டங்கள், நிர்வாகக் குழுத் தீர்மானங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவையும் சேர்ந்தே ஓர் ஆசிரியரின் நிலையை முடிவு செய்கின்றன. ஒரு நிலையினரை விதி வரையறுத்த காலங்களிலெல்லாம், அவ்வரையறைக்கு வெளியே குறைந்த ஊதியத்தில் மற்றொரு நிலையினர் இருந்துவந்தமை இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

தொடக்கக் காலம்

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி நிறுவப்பட்டன. அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாக மட்டுமே இருந்ததால், அவற்றுக்கெனத் தனியே ஆசிரியர் இல்லை. கற்பித்தவர்கள் அரசுக் கல்லூரி, மிஷன் கல்லூரி, அறக்கட்டளைக் கல்லூரி ஆகியவற்றின் ஊழியர்கள். அரசுக் கல்லூரி ஆசிரியரின் பணிநிலையை அரசு ஆவணங்கள் விரிவாகத் தருகின்றன. மற்ற இரு வகையினரைப் பற்றிய செய்திகள் சிதறலாகவே கிடைக்கின்றன.

நியமனத்தில் பரிந்துரைக்குப் பெரும் இடம் இருந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880-இல் ஓய்வு பெற்றபோது, அவர் பரிந்துரையால் உ. வே. சாமிநாதையர் அவ்விடத்துக்கு வந்தார். பட்டம் எதுவும் பெறாதவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதே அவருடைய தகுதி. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919-இல் ஓய்வு பெற்றார். இந்திய மொழிகளைக் கற்பித்தோர் ‘பண்டிதர்’ என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டனர். அவர்களது ஊதியமும் மதிப்பும் பிற பாட ஆசிரியர்களுக்குக் கீழே இருந்தன.

இரு பணிகளின் காலம் (1885–1924)

ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பது இக்காலத்துக்கே. ஜகதீச சந்திர போஸ் 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். அதே பணிக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதி குறைக்கப்பட்டது. போஸ் மூன்றாண்டுகள் ஊதியம் வாங்காமலே வகுப்பெடுத்தார் என்றும், பின்னர் முழு ஊதியமும் நிலுவையோடு தரப்பட்டது என்றும் கூறுவர். 1920-இல் பேட்ரிக் கெடிஸ் எழுதிய போஸின் வாழ்க்கை வரலாறு இச்செய்தியைப் பரப்பியது. பங்கு எவ்வளவு என்பதில் பிற்கால நூல்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன.

வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1889-இல் அதே கல்லூரியில் 250 ரூபாய் மாத ஊதியத்தில் சேர்ந்தார். தகுதிக்குரிய பதவி தரப்படவில்லை என்று முறையிட்டபோது, பிழைக்க வேறு வழிகளும் உள்ளன, இவ்வேலையை ஏற்குமாறு யாரும் வற்புறுத்தவில்லை என்ற பொருளில் கல்வித்துறைத் தலைவர் விடையளித்ததைத் தம் தன்வரலாற்றில் ராய் பதிந்துள்ளார்.

அதுவரை நடைமுறையாக இருந்த வேறுபாட்டை 1896-ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு விதியாக்கியது. உயர்நிலைக் கல்விப் பணி இரண்டாகப் பிரிந்தது. இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இந்தியக் கல்விப் பணியிலும், இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் மாகாணக் கல்விப் பணியிலும் சேர்ந்தனர். முன்னது 500 ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு 50 ரூபாய் உயர்வுடன் 1,000 ரூபாய் வரை சென்றது. பின்னதன் உச்சம் 700 ரூபாய். இரு பணியினரும் ஒரே வகுப்புக்கு ஒரே பாடத்தை நடத்தினர். இந்தியர் முதற்பணியில் சேர வெளிப்படையான தடை இல்லையெனினும் அவ்வாறு சேர்ந்தவர் மிகச் சிலர்.

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமிக்க இடமளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1914-இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கும், கில்பர்ட் சிலேட்டர் 1915-இல் இந்தியப் பொருளியல் துறைக்கும் முதற் பேராசிரியர்களாயினர். தேர்வு முடிவை மட்டும் காட்டி ஆசிரியரின் வேலையை அளந்த நிலை மாறி, ஆராய்ச்சியும் கடமை என்ற எண்ணம் இத்தகைய நியமனங்களோடு வேரூன்றியது.

இவ்வெண்ணத்தின் தமிழ்நாட்டுச் சான்றாக, ஆசிரியப் பணி அல்லாத ஒரு நியமனத்தையும் குறிப்பிடுவது வழக்கம். சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதிய எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையை இரண்டாண்டுகளுக்கு வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது அத்தொகை, அவரோ எஃப்.ஏ. தேர்விலும் தேறாதவர். விதி தளர்த்தப்பட்டது. விதிக்கப்பட்ட முக்கியக் கடமை, மூன்று மாதத்துக்கொரு முறை ஆய்வறிக்கை தருவது. அவர் 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய மாதங்களில் மூன்று அறிக்கைகள் அளித்தபின் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இராமானுஜனின் தலைமைத் தேற்றம் எனப் பின்னர் பெயர் பெற்றது இவ்வறிக்கைகளில்தான் உள்ளது. மூலப் படிகள் பின்னர் காணாமற்போயின. 1925-இல் எடுக்கப்பட்ட கையெழுத்துப் படியே ஆய்வாளர்க்கு உதவியது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் அன்று முதல் கேட்டு வாங்கிவரும் பணியறிக்கைகளில் இவற்றுக்கு ஈடான பயன் தந்தவை அரிது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் 1917-இல் நிதித்துறைப் பணியை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். 1,100 ரூபாய் ஊதியத்தைத் துறந்து 600 ரூபாய்க்கு வந்தார் என்று கூறப்படுகிறது. அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டுப் பயிற்சி பெறவேண்டும் என்ற நிபந்தனைக்கு இராமன் இணங்கவில்லை. அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் அது அவருக்காகத் தளர்த்தப்பட்டது. ஆராய்ச்சிக்கு ஊறு நேருமாறு வகுப்புச் சுமை அவர்மீது சுமத்தப்படாது என்ற ஏற்பாடும் இருந்தது. அவரோ விருப்பத்தோடு வகுப்பெடுத்தார்.

அரசுப் பணிகளை ஆராய 1912-இல் அமைந்த இஸ்லிங்டன் குழுவின் முன் இந்திய ஆசிரியர் பலர் இரட்டைப் பணிமுறைக்கு எதிராகச் சாட்சியமளித்தனர். அதே பொருளை ஆராய்ந்த லீ குழுவின் பரிந்துரைப்படி 1924-இல் இந்தியக் கல்விப் பணிக்கு ஆளெடுப்பு நின்றது.

1924 முதல் 1947 வரை

கல்வி மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் இருந்த இக்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தோன்றியது. தனியார் கல்லூரி ஆசிரியரின் நிலை நிர்வாகத்தின் விருப்பத்தைச் சார்ந்தே தொடர்ந்தது.

ராதாகிருஷ்ணன் குழு முதல் ஊதியக் குழுக்கள் வரை

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49) விரிவுரையாளர், ரீடர், பேராசிரியர் என்ற மூன்றடுக்கை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. விரிவுரையாளர்க்கு 300–600, ரீடர்க்கு 600–900, பேராசிரியர்க்கு 900–1,350 ரூபாய் என்பது அதன் கணக்கு. தேர்வு நாள் நீங்கலாக ஆண்டுக்கு 180 வேலைநாள் வேண்டும் என்றும், ஓய்வு வயது 60 ஆகவும் பேராசிரியர்க்கு 64 வரை நீட்டிக்கத்தக்கதாகவும் இருக்கலாம் என்றும் கூறியது. 180 என்ற எண் மட்டும் பிற்கால விதிகளிலும் மாறாமல் நின்றுவிட்டது.

யுஜிசி 1953-இல் தொடங்கி, 1956-இல் சட்டத்தகுதி பெற்றது. அதன் ஊதியப் பரிந்துரைகளை மாநிலங்கள் ஏற்பதற்கு நிதியே பெருங்காரணமாக இருந்தது: 1973 முதல் நான்கு ஊதியத் திருத்தங்களின்போதும் கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை மைய அரசு குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்றது. சென் குழுவின் வழி வந்த 1973 ஊதியத்தில் விரிவுரையாளர்க்கு 700–1,600 ரூபாய் கிடைத்தது. மெஹ்ரோத்ரா குழுவுக்குப் பின் 1986 முதல் இது 2,200–4,000 ஆனது. 1987 ஜூனில் வெளியான அறிவிப்பு குழு கேட்டதைக் குறைத்துவிட்டது என்று ஆசிரியர் அமைப்புகள் அவ்வாண்டு நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தன.

அத்திருத்தம் மூன்று புதிய எதிர்பார்ப்புகளைக் கொண்டுவந்தது. முதலாவது, நியமனத் தகுதிக்காக 1989-இல் தொடங்கிய நெட் தேர்வு. மாநில அளவில் ஸ்லெட், பின்னர் செட். இரண்டாவது, எட்டாண்டுக்கொரு படியான பணிமேம்பாட்டுத் திட்டமும் அதற்கு முடிக்கவேண்டிய ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் பயிற்சிகளும். மூன்றாவது, 1989-இல் ஆசிரியர் அமைப்புகளின் பங்கேற்போடு உருவான தொழில் ஒழுக்க நெறி. கடமைக்கு இடையூறாகும் டியூஷனைத் தவிர்க்கவேண்டும் என்று அது கூறியது.

எம்.ஃபில். முடித்தவர்க்கு ஒரு காலம், முனைவர் பட்டம் பெற்றவர்க்கு மற்றொரு காலம் என்று நெட் தேர்விலிருந்து விலக்கு தரப்பட்டும் நீக்கப்பட்டும் வந்தது. எந்த ஆண்டில் பட்டம் பெற்றார் என்பதே ஒருவரின் தகுதியை முடிவு செய்யும் நிலை இதனால் உண்டாயிற்று. 1998 திருத்தம் வாரத்துக்கு 40 மணி நேரப் பணியையும், அதில் விரிவுரையாளர்க்கு 16, ரீடர், பேராசிரியர்க்கு 14 மணி நேர நேரடிக் கற்பித்தலையும் வகுத்தது.

தமிழ்நாடு

தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1976 அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்க்குப் பணிப் பாதுகாப்பு அளித்தது. உரிய அலுவலரின் முன் ஒப்புதலின்றி ஆசிரியரை நீக்க முடியாது என்பது அதன் மையக் கூறு. சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது நீண்ட வழக்குகளுக்கு இடம் தந்தது. 1988-இல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளர்’ ஆகார் என்று தீர்ப்பளித்ததால், நிர்வாகத்தோடு வழக்காடுவோர்க்கு இத்தகைய மாநிலச் சட்டங்களின் தேவை கூடியது. அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் தேர்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியம் நடைமுறைக்கு வந்தது.

மதிப்பெண் முறை

சட்டா குழுவின் வழியில் 2008 இறுதியில் வந்த திருத்தம் விரிவுரையாளரை உதவிப் பேராசிரியராகவும், ரீடரை இணைப் பேராசிரியராகவும் பெயர் மாற்றியது. 2010 ஒழுங்குமுறை ஏபிஐ என்ற புள்ளிக் கணக்கைப் புகுத்தியது. கற்பித்தல், நிர்வாகப் பணி, ஆய்வு என ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. பதவி உயர்வு புள்ளியின் கூட்டுத்தொகையைப் பொறுத்தது. இம்முறை ஆய்வை வளர்த்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பரவலான கருத்து. அவற்றை விலக்க யுஜிசி ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல்களை வெளியிட்டது. 2019-இல் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025-இல் அதுவும் கைவிடப்பட்டது. 2016 மே மாதம் வகுப்பு நேரத்தை உயர்த்த எடுத்த முயற்சி, டெல்லி ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தத்தைப் புறக்கணித்த சில வாரங்களில் பின்வாங்கப்பட்டது. 2018 ஒழுங்குமுறை புள்ளிக் கணக்கை எளிமையாக்கியது.

விதியின் பிணைப்பு

யுஜிசி விதி மாநிலங்களைக் கட்டுப்படுத்துமா என்பதற்கு ஒரே விடை இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வு வயதை 65 ஆக்குமாறு மாநிலங்களை வற்புறுத்த முடியாது என்றது. தமிழ்நாட்டில் அரசுப் பணி ஓய்வு வயது 58-இலிருந்து 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்ததே தவிர அதற்கு மேல் செல்லவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில் (2015), மாநிலம் ஏற்றால்தான் 2010 ஒழுங்குமுறை மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தும் என்று அந்நீதிமன்றம் கூறியது. 2022-இல் குஜராத் வழக்கொன்றில், மாநிலச் சட்டத்தோடு முரணும்போது யுஜிசி விதியே மேலோங்கும் என்றது. இவ்விரண்டையும் இணைத்துப் படிப்பதில் சட்டவியலாரிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

கௌரவ விரிவுரையாளர்

நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாத கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்படுவோர் தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர் எனப்படுவர். பலருக்கு நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ உண்டு. நிரந்தர ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தை அதே வகுப்பில் நடத்துகின்றனர். ஊதிய உயர்வும் பணிமேம்பாடும் இவர்களுக்கு இல்லை. ஒப்பந்த ஆசிரியர் மொத்த எண்ணிக்கையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2010, 2018 ஒழுங்குமுறைகள் கூறின. 2019-இல் யுஜிசி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாயும், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சமும் பரிந்துரைத்தது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 2016 முதல் 57,700 ரூபாய். அதோடு படிகளும் உண்டு.

அண்மை மாற்றங்கள்

ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டிய திருத்தத்தில் மைய அரசின் பங்கு 80 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைந்தது. பல்கலைக்கழகத் துறைகளின் உதவிப் பேராசிரியர்க்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதி முதலில் 2021-க்கும் பின் 2023-க்கும் தள்ளிவைக்கப்பட்டு, நடைமுறைக்கு வருமுன்பே 2023 ஜூலையில் விலக்கப்பட்டது. 2024-இல் தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. 2025 ஜனவரி 6 அன்று யுஜிசி வெளியிட்ட வரைவு ஒழுங்குமுறையில் ஒப்பந்த நியமனத்துக்கான பத்து விழுக்காட்டு வரம்பு இடம்பெறவில்லை. அதே மாதம் 9-ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் வரைவைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்விவாதத்தில் துணைவேந்தர் நியமன அதிகாரமே முன்னின்றது.