கெபின் குறூவுக்கு ஒரு சொக்லேட்: ஒரு நன்றியின் நூறு வருசக் கதை

வண்ணாத்திவில்லில் இருந்து கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்குப் போகிற வழி எங்கட சனத்துக்கு மனப்பாடம். புத்தளம் டவுனுக்கு வந்து ஏ3 வீதியைப் பிடித்தால் சிலாபம், நீர்கொழும்பு, அடுத்தது கட்டுநாயக்க. எங்கட உம்மாமாரும் சாச்சிமாரும் அக்காமாரும் இந்த வழியால்தான் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். வேன் பேசுறது, சூட்கேசை நிறைக்குள்ள அடக்குறது, பாஸ்போர்ட்டைப் பத்திரப்படுத்துறது எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் பிளேன் வாசலில் நிண்டு கை கூப்பி வரவேற்கிற அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் பெரிசாக யோசித்ததில்லை.

சில நாடுகளில் பயணிகள் கெபின் குறூவுக்கு எண்டு சொக்லேட், இனிப்பு, சின்னதாக ஒரு நன்றி அட்டை கொண்டுபோய்க் குடுக்கிறார்கள். இதைப் பற்றி எங்கட வட்டத்தில் கதைத்தபோது ரெண்டு விதமான பதில் வந்தது. ஒண்டு, "டிக்கட்டுக்குக் காசு கட்டியாச்சே, பிறகென்ன?" மற்றது, "அவங்களுக்கென்ன குறை, நல்ல சம்பளம்தானே?" இந்த ரெண்டு பதிலுக்கும் பின்னால் நூறு வருசத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் வந்தவர் ஒரு ஆண்

விமானப் பணியாளர் எண்டதும் எல்லாருக்கும் ஒரு பெண்ணின் முகம்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்த வேலைக்கு முதலில் வந்தவர் ஹைன்றிஷ் கூபிஸ் என்ற ஜெர்மன்காரர். 1912இல் செப்பலின் ஆகாயக் கப்பலில் பயணிகளைக் கவனிக்கச் சேர்ந்தார். 1937இல் ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் தீப்பிடித்து விழுந்தபோது அதில் தலைமைப் பணியாளராக இருந்தவரும் அவர்தான். கப்பல் தரைக்குக் கிட்ட வரும்வரை பொறுத்து, ஜன்னலால் குதிக்கச் சொல்லிப் பயணிகளை வெளியேற்றி, தானும் குதித்து உயிர் தப்பினார். அதாவது இந்தத் தொழிலின் முதல் ஆளே சாப்பாடு பரிமாறினவர் மட்டுமில்லை, ஆபத்தில் உயிர் காத்தவரும்கூட.

பெண்கள் வந்தது 1930இல். எலன் சேர்ச் என்ற அமெரிக்க நேர்ஸுக்கு விமானம் ஓட்டத் தெரியும். விமானி வேலை கேட்டுத்தான் போயிங் எயார் ட்ரான்ஸ்போர்ட் கம்பனியின் வாசலுக்குப் போனார். பெண்ணுக்கு அந்த வேலை கிடைக்காது எண்டு தெரிந்ததும் வேறொரு யோசனை சொன்னார்: "நேர்ஸ்மாரைப் பிளேனில் ஏத்துங்க, பயணிகளின் பயம் போயிரும்." 1930 மே 15ஆம் திகதி ஓக்லண்டில் இருந்து சிக்காகோவுக்கு முதல் பயணம். அவரோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 125 டொலர்.

நிபந்தனைகளைப் பாருங்கள்: கலியாணம் முடித்திருக்கக் கூடாது, வயது 25க்குக் கீழ், நிறை 115 இறாத்தலுக்குள், உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள். வேலையோ பயணப் பை தூக்குவதில் இருந்து, கழன்ற கதிரையைத் தரையோடு இறுக்குவது, கழிவறைக் கதவெண்டு நினைத்து வெளிக்கதவைத் திறக்கப் போகிறவரைத் தடுப்பது வரைக்கும். விமானி ஆகப் போன ஒரு பெண்ணைச் சமூகம் எங்கே நிறுத்தியது என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

ரத்மலானையில் இருந்து வளைகுடாவுக்கு

எங்கட நாட்டில் எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி முதல் பறப்பைத் தொடங்கியது. 'சீதா தேவி' எண்டு பேர் வைத்த டிசி-3 விமானம் ரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்குப் போனது. அந்தக் காலத்தில் பிளேனில் போனவர்கள் அதிகாரிகளும் வியாபாரிகளும் வசதியானவர்களும்தான். சேவை செய்பவரும் சேவை பெறுபவரும் கிட்டத்தட்ட ஒரே வர்க்கம். ஒரே மொழி, அதாவது இங்கிலீசு.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் வேலை திறந்ததும் இந்தக் காட்சி மாறியது. 1979 செப்டம்பரில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தொண்ணூறுகளில் வேலைக்கு வெளிநாடு போன இலங்கையரில் பெரும்பான்மை பெண்கள், அதிலும் வீட்டுப் பணிப்பெண்களே கூட. பிளேனை முதன்முதலாகக் கிட்ட நிண்டு பார்த்த அதே நாளில் அதில் ஏறிப் பறந்தவர்கள் அவர்கள். சீட் பெல்ட் எப்படிப் பூட்டுறது, கழிவறைக் கதவு எப்படித் திறக்கிறது, இறங்கும்போது நிரப்ப வேண்டிய படிவத்தில் என்ன எழுதுறது எண்டு அவர்களுக்குச் சொல்லிக் குடுத்தது யார்? ஒபிஸ் ஒண்டும் இல்லை. ட்ரேயோடு நடந்து வந்த அந்தப் பிள்ளைதான்.

எல்லாரும் அன்பாகச் சொன்னார்கள் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. விரல் சொடுக்கிக் கூப்பிட்டவர்கள், "ஏய்" எண்டவர்கள், சீலையைப் பிடித்து இழுத்தவர்கள் எங்கட ஆண்களுக்குள்ளும் இருந்தார்கள். அடுத்த வீட்டில் வேலை செய்யப் போகும் தன் பெண்சாதிக்கு மரியாதை கிடைக்க வேண்டும் எண்டு துஆ கேட்கிற ஒருவர், தனக்குத் தண்ணி கொண்டு வரும் பெண்ணிடம் அந்த மரியாதையைக் காட்டாமல் இருப்பது என்ன நியாயம்?

சிரிப்புக்கு எழுதின சட்டம்

"அவங்களுக்கென்ன குறை" எண்டவர்களுக்கு இந்தப் பகுதி.

1981இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு முன்னால் நர்கேஷ் மிர்சா வழக்கு வந்தது. எயார் இந்தியாவின் விதிப்படி பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலையில் சேர்ந்து நாலு வருசத்துக்குள் கலியாணம் முடித்தால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடு வேலை போகும். 35க்குப் பிறகு தொடர்வதோ முகாமைப் பணிப்பாளரின் விருப்பத்தில் தங்கியிருந்தது. கர்ப்ப விதியையும் அந்தத் தனியாளின் விருப்ப அதிகாரத்தையும் நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஆனால் நாலு வருசக் கலியாணத் தடை நியாயமே எண்டு விட்டுவிட்டது.

இது பழைய கதை எண்டு நினைக்க வேண்டாம். 2015இல் சர்வதேசத் தொழில் அமைப்பு கட்டார் எயார்வேஸின் ஒப்பந்தத்தைப் பார்த்து, கர்ப்பமானால் வேலையை விட்டு நிறுத்தும் விதி பாகுபாடு எண்டு சொன்னது. எங்கட ஊரில் இருந்து தோஹா போகிறவர்கள் ஏறுகிற அதே விமானங்கள்தான். யூனிபோமும் சிரிப்பும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தத் தாள் எங்கட கண்ணில் படுவதில்லை.

அவர்கள் ஏன் பிளேனில் இருக்கிறார்கள்?

சாப்பாடு குடுக்க எண்டால் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்க விதிப்படி 50 இருக்கைக்குக் குறைந்தது ஒரு கெபின் குறூ என்ற கணக்கு. புதிய பெரிய விமானம் ஒண்டுக்கு அனுமதி வாங்க, பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 செக்கனுக்குள் எல்லாரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். அந்த 90 செக்கனுக்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஜூஸும் சோறும் மிச்ச நேரத்து வேலை.

1986 செப்டம்பர் 5. கராச்சியில் பான் ஆம் 73 விமானத்தை ஆயுததாரிகள் பிடித்தார்கள். நீர்ஜா பனோட் விமானிகளுக்கு எச்சரிக்கை குடுத்தார், அவர்கள் வெளியேறியதால் விமானம் பறக்க முடியாமல் போனது. அமெரிக்கப் பயணிகளை அடையாளம் காண முடியாதபடி பாஸ்போர்ட்டுகளை மறைக்கச் செய்தார். பயணிகளைக் காப்பாற்றும்போது சுடப்பட்டு இறந்தார். 23ஆவது பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் இருந்தது. இந்தியா அவருக்கு அசோகச் சக்ரா வழங்கியது.

2024 ஜனவரி 2. தோக்கியோ ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. உள்ளே 379 பேர். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனாலும் தொண்டையாலும் கத்தி, பைகளை விடச் சொல்லி, 379 பேரையும் உயிரோடு இறக்கினார்கள்.

எங்கட நாட்டிலும் ஒரு உதாரணம். 2020 பெப்ரவரி 1ஆம் திகதி, கொரோனாவுக்கு மருந்தும் இல்லாத, அது என்னவெண்டு சரியாகத் தெரியவும் இல்லாத நேரத்தில், ஸ்ரீலங்கன் விமானம் ஒண்டு வூஹானுக்குப் போய் அங்கே சிக்கியிருந்த 33 இலங்கையரை மத்தளைக்குக் கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகளின் உம்மா வாப்பா அண்டைக்கு யாருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்?

டிப்ஸ் வேற, அன்பளிப்பு வேற

பெரும்பாலான விமான நிறுவனங்கள் பணியாளர்கள் பயணியிடம் காசு வாங்குவதை விரும்புவதில்லை. அமெரிக்காவில் ஃப்ரொன்டியர் எயார்லைன்ஸ் பயணிகளிடம் டிப்ஸ் கேட்கும் முறையைக் கொண்டு வந்தபோது எதிர்த்தது பணியாளர்களின் யூனியன்தான். "காசு வருது, ஏன் வேண்டாம் எண்டாங்க?" எண்டு கேட்கலாம். டிப்ஸ் வந்தால் சம்பளத்தைக் கூட்ட வேண்டிய நிறுவனம் கையை விரித்துவிடும். பயணியை எசமானாகவும் பணியாளரைக் கையேந்துபவராகவும் மாற்றிவிடும். தீப்பிடித்தால் "எழும்பு, பையை விடு, குதி" எண்டு அதட்ட வேண்டிய ஆள், ஐந்து டொலருக்காகச் சிரிக்க வேண்டிய நிலையில் இருக்கக் கூடாது.

2025 ஆகஸ்டில் எயார் கனடாவின் 10,000க்கு மேற்பட்ட கெபின் குறூ வேலைநிறுத்தம் செய்ததும் இதோடு சேர்ந்ததுதான். பயணிகளை ஏற்றும் நேரம், தரையில் காத்திருக்கும் நேரம் எல்லாம் சம்பளமில்லாத வேலை என்பதுதான் அவர்களின் பெரிய முறைப்பாடு. நாங்கள் பை வைக்க இடமில்லை எண்டு அவர்களோடு சண்டை பிடிக்கிறோமே, அந்த நேரத்துக்குப் பல நிறுவனங்களில் சம்பளமே ஓடுவதில்லை.

அன்பளிப்பு இதில் இருந்து வேறுபட்டது. டிப்ஸ் செய்த வேலைக்கு விலை போடுகிறது. அன்பளிப்பு செய்த ஆளைப் பார்க்கிறது. எங்கட வீட்டுக்குக் கிணறு வெட்ட வந்தவருக்குக் கூலியும் குடுப்போம், தேத்தண்ணியும் குடுப்போம். தேத்தண்ணியைக் கூலியில் கழிப்பதில்லை. கூலிக்குப் பதிலாகத் தேத்தண்ணி குடுப்பதும் இல்லை.

அப்ப என்ன செய்யலாம்?

குடுக்க விரும்பினால் கடையில் வாங்கின, சீல் உடைக்காத பக்கெட்டாக இருக்கட்டும். வீட்டில் செய்த தொதலும் மஸ்கட்டும் எவ்வளவு ருசியானாலும், தெரியாத ஆள் தரும் திறந்த சாப்பாட்டை அவர்கள் சாப்பிடத் தயங்குவார்கள், அது அவர்களின் பாதுகாப்பு. எங்கட பக்கத்துக் கஜு நல்ல பரிசுதான். ஆனால் சில பயணிகளுக்கு அது ஒவ்வாது, அதனால் உள்ளே உடைக்காமல் பூட்டினபடியே குடுங்கள். ஒரு ஆளுக்கெண்டு இல்லாமல் "உங்க எல்லாருக்கும்" எண்டு ஏறும்போதே குடுத்தால் சலுகை கேட்கிற மாதிரி இருக்காது. ஆண்கள் இளம் பெண்ணுக்குத் தனியாகப் பரிசு நீட்ட வேண்டாம், அது அவருக்குச் சங்கடம். அவர் வேண்டாம் எண்டால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

காசில்லாத பரிசுகளும் இருக்கு. "தங்கச்சி" அல்லது "மிஸ்" எண்டு கூப்பிடுறது. பாதுகாப்புச் செய்முறை காட்டும்போது போனை வைத்துவிட்டுப் பார்க்கிறது. ட்ரே எடுக்க வரும்போது குப்பையைச் சேர்த்துக் குடுக்கிறது. நல்லாச் செய்தவரின் பெயரை ஞாபகம் வைத்து நிறுவனத்துக்கு ரெண்டு வரி எழுதிப் போடுறது. அந்த ரெண்டு வரி அவரின் கோப்பில் ஏறும், சொக்லேட் ஏறாது.

வளைகுடாவில் இருந்து வந்த உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வீடுகளில் அவர்கள் என்ன எதிர்பார்த்தார்கள் எண்டு. மாதம் முடிய ஒழுங்காகச் சம்பளம், ஓய்வு, பேர் சொல்லிக் கூப்பிடுறது, ஒரு "ஷுக்ரன்". பிளேனில் ட்ரே தள்ளும் பிள்ளைக்கும் வேண்டியது அதுதான். சம்பளத்தையும் உரிமையையும் அவர்களின் யூனியன் போராடி வாங்கட்டும், அதற்கு நாங்கள் பக்கத்தில் நிற்போம். அதால பிளேன் பிந்தினாலும் அவர்களைத் திட்டாமல் இருப்போம். நன்றியை மட்டும் வேறு யாரும் எங்களுக்காகச் சொல்ல முடியாது. அதை நாங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.