பெருங்குடி குப்பைமேட்டுத் தீ

பெருங்குடி குப்பைமேட்டுத் தீ என்பது, தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் எழுந்துள்ள மாநகராட்சிக் குப்பைக்கிடங்கில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்ளும் நெருப்பைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவில் எரிவது போலக் காய்ந்த புதர்க்காடு சென்னையில் இல்லை. ஆனால் அங்கே காட்டுத்தீக்கு ஒரு பருவம் இருப்பது போலவே இங்கே குப்பைத் தீக்கும் பருவம் உண்டு. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் வேளச்சேரி, துரைப்பாக்கம் வீடுகளில் சன்னலைச் சாத்துகிறார்கள்.

இந்த நிலத்துக்கு ஊரார் வைத்த பெயர் கழுவெளி. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அனுப்பும் வடிநிலம் அது. வருவாய்த் துறையின் ஏடுகளில் அது வெறும் தரிசாக இருந்தது. தண்ணீர் நிற்கும் இடத்தைக் காலி மனையாகப் பார்க்கும் கண் இந்நகரத்துக்குப் பழையது. தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்தான். 1980-களின் பிற்பகுதியில் பெருங்குடியில் லாரிகள் குப்பையைக் கொட்டத் தொடங்கியபோது அதைத் தடுத்துக் கேட்க ஆள் அதிகம் இல்லை. இருநூறு ஏக்கருக்கு மேல் பரவிய அந்த மேட்டுக்குத்தான் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் குப்பை போய்ச் சேர்ந்தது. நகரம் நாளொன்றுக்குக் கழித்த ஏறத்தாழ 5,000 டன்னில் பாதியளவு பெருங்குடிக்கு. மீதி வடக்கே கொடுங்கையூருக்கு.

தீயின் மூலத்தைச் சமையலறையிலிருந்தே தொடங்க வேண்டும். வாழைப்பழத் தோல், சாம்பார் மிச்சம், சந்நிதித் தெருவில் விற்காமல் போன பூ, பால் கவர், துணிக்கடையில் கொடுத்த உறை எல்லாம் ஒரே வாளியில் விழுகின்றன. மேட்டின் அடியில், காற்றுப் புகாத ஆழத்தில், மட்கும் குப்பை அழுகி மீத்தேன் வாயுவைக் கக்குகிறது. அழுகலே சூட்டையும் உண்டாக்குகிறது. மேலே காய்ந்த பிளாஸ்டிக்கும் துணியும் தென்னை மட்டையும் கிடக்கின்றன. செம்புக் கம்பிக்காக வயரைக் கொளுத்தியவரின் நெருப்பு, அணையாத பீடி, உள்ளிருந்து தானே கிளம்பும் சூடு என்று பொறி எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பழி குப்பை பொறுக்குபவர் மேலேயே விழுவதை ஏற்க முடியவில்லை. பொறி யாருடையதானாலும், எரிபொருளைச் சேர்த்து வைத்தது மொத்த நகரம்.

இதை அணைப்பதும் காட்டுத்தீயை அணைப்பது போல அன்று. நீறு பூத்த நெருப்பு என்ற வழக்கு அப்படியே பொருந்தும். மேலே தண்ணீர் அடித்தால் சுவாலை அடங்கும். பத்தடி கீழே கங்கு கனன்றுகொண்டே இருக்கும். பொக்லைன் கொண்டு கிளறி நனைக்க வேண்டும், அல்லது மண்ணைக் கொட்டிக் காற்றை அடைக்க வேண்டும். அடித்த தண்ணீர் கறுத்த சாறாகிச் சதுப்புக்குள் இறங்குகிறது.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம், 1901 முதலான பதிவுகளில் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச். ஏப்ரல் 8-ஆம் தேதியிட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பத்தொன்பது நாள் கழித்து, ஏப்ரல் 27 அன்று, அதன் ஓரத்துக் குப்பைமேடு பற்றியது. முந்தின நாள்தான் தில்லியின் பால்ஸ்வா குப்பைமேடு எரியத் தொடங்கியிருந்தது. பெருங்குடியில் தீயணைப்பு வண்டிகளும் ஸ்கைலிஃப்ட்களும் நாள்கணக்கில் போராடின. கடற்காற்று புகையை வேளச்சேரிப் பக்கம் தள்ளியது. ஆஸ்துமா உள்ள முதியவர்களை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவைத்தவர்கள் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் எரிந்தது. 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தது.

புகை கலைந்துவிட்டால் தீ முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் அரைகுறைச் சூட்டில் எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. அது மண்ணில் தங்கும், கொழுப்பில் சேரும். ஜப்பானின் எகிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பெருங்குடி மேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் அளவு மற்ற இடத்துத் தாய்மாரைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நஞ்சு வந்த வழியாக அவர்கள் சுட்டியது பசும்பாலை. மேட்டில் மேய்ந்த மாடு, அதன் பாலைக் குடித்த தாய், தாயிடம் குடித்த பிள்ளை. இந்தக் கட்டுரைக்காகத் திரட்டியவற்றில் இதைவிடக் கனமான செய்தி வேறில்லை. எரிந்த ஏக்கர்களை எண்ணுகிறோம். இந்தக் கணக்கைப் பேசுவோர் குறைவு.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 2007-இல் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. அதே ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடெங்கும் தடைசெய்து, 5,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை அபராதம் விதித்தது. குப்பை மேலாண்மையில் முன்னுதாரணமும் இந்த ஊரிலேயே இருந்தது: எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு 1989-இலேயே தெருத் தெருவாக மக்களைச் சேர்த்து வீட்டுக் குப்பையை வாங்கிக் காட்டியது.

பெருங்குடியில் அண்மை ஆண்டுகளில் தொடங்கியது பயோமைனிங். சுமார் 350 கோடி ரூபாய் செலவில், முப்பது லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி. இதுவரை செய்தவற்றில் இதுவே உருப்படியானது. தோண்டும்போது அடைபட்ட வாயு வெளியேறிக் காற்றோடு கலப்பதால், பணி முடியும்வரை தீ அபாயமும் கூடவே இருக்கிறது. சலித்தெடுத்த மண் பள்ளம் நிரப்பப் போகிறது. எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் லாரி ஏறிச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகின்றன. இருபது வருடத்துக்கு முன் அடையாறு பகுதியில் யாரோ வீசிய பால் கவர் அங்கே உலையில் எரிகிறது.